மகளின் பனிவண்டிக்கு ஒரு முன்விளக்கு

1

எங்கள் மகள் ஆரணியின் பிறந்தநாள் மார்கழியில் வரும். அவள் எங்களோடு இருந்தவரை லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் கேக் வெட்டுவோம். வடக்குச் சுவீடனில் தாதி வேலை கிடைத்து அவள் போன பிறகு, நானும் கணவரும் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் அவளுடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வருகிறோம். பிறந்தநாள்காரி இல்லாத பிறந்தநாள். இந்த முறையும் விபூதிப் பொட்டலத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து ரயில் நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

இருவரும் வாழ்த்துச் சொன்னோம். சாப்பிட்டாயா, குளிர் எப்படி, வேலை எப்படி என்று கேட்டு முடிந்ததும் அவள் ஏதோ பகிடி சொல்வதுபோலச் சொன்னாள்.

"நேற்று ஏரிக்கு நடுவில ஸ்கூட்டர் லைட் செத்துப்போச்சு அம்மா."

ஆரணி பேசுவது முக்கால்வாசி ஆங்கிலம். அதை நான் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். ஆனால் 'செத்துப்போச்சு' என்பது அவள் சொன்ன தமிழ். அந்தச் சொல்லைக் கேட்டதும் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன்.

ஸ்கூட்டர் என்றால் நம் ஊர் ஸ்கூட்டர் இல்லை. ஸ்னோமொபைலை அந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சுழலும் ரப்பர் பட்டி, நடுவில் ஓர் இன்ஜின். சில்லே இல்லாத மோட்டார் சைக்கிள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவள் இருக்கும் கிராமத்துக்கும் வேலை செய்யும் கிளினிக்குக்கும் நடுவே ஒரு பெரிய ஏரி. கோடையில் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் ஏரி இறுகிவிடும், அதன் மேலாலேயே போவார்கள். பனியில் நட்டிருக்கும் கம்புகள்தான் பாதை. கம்பை விட்டு விலகினால் மெல்லிய பனிக்கட்டி இருக்கும் இடத்துக்கும் போகலாம்.

"என்ன செய்தனி?" என்று கேட்டேன்.

"போன் லைட்டைப் பிடிச்சுக்கொண்டு கம்பு கம்பா மெதுவா ஸ்கூட்டரை ஓடினன். வந்து சேந்திட்டன். பின்னேரம் மூண்டு மணிதான். ஆனா இஞ்ச அந்த நேரமே நல்ல இருட்டு."

"பயந்திட்டியே?"

"கொஞ்சம்" என்றாள். எதற்கும் 'கொஞ்சம்' என்று சொல்லாத பிள்ளை.

2

வீட்டுக்கு வர நானும் என் கணவர் சிவநேசனும் ரயில் ஏறினோம். எலிசபெத் லைனில் எதிரெதிரே இருந்தோம். இல்ஃபோர்ட் நிலையத்தில் இறங்கும்போது அவர் சொன்னார்.

"அவளை இஞ்ச வரச் சொல்லும்."

"எப்பிடி?"

"எப்பிடியோ. லண்டனில நேர்ஸ் வேலை இல்லையே? மோர்டனில என்ர மச்சான்ர பிள்ளை ரெண்டும் தாய் தேப்பனுக்குப் பக்கத்தில வீடு எடுத்து இருக்குதுகள். எங்கட மட்டும் பனிக்குள்ள போய் நிக்குது."

அவருக்கு இதைவிடப் பெரிய ஒரு வலி உண்டு. ஆரணி பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரி. ஆனால் பிரிட்டன் ஐரோப்பாவிலிருந்து விலகிய பிறகு சுவீடனில் இருக்க அவளுக்கும் வதிவிட அனுமதி வேண்டும். போன வருடம் அதைப் புதுப்பிக்க அவள் ஒரு நகரத்துக்குப் போய், நம்பர் எடுத்து, பிளாஸ்டிக் கதிரையில் அரை நாள் காத்திருந்தாள். அதைச் சிரித்துக்கொண்டுதான் எங்களுக்குச் சொன்னாள். இவர் சிரிக்கவில்லை.

"நாங்கள் எத்தினை கியூவில நிண்டு எடுத்த பாஸ்போர்ட் அது. அதைக் கொண்டுபோய் அவள் இன்னொரு கியூவில நிக்கிறாள்" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தக் கியூக்களில் அவரோடு நானும் நின்றவள். அகதி அனுமதிக்கான என் முதல் விசாரணைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். அதிகாரி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் எங்கள் ஊர் வழக்கப்படி, ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்று சொல்ல, அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, பதட்டப்படாதீங்க, பிரார்த்தனை அப்புறம் பண்ணிக்கலாம்" என்றார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அழுகை வந்தது.

ஆனாலும் அன்று சமையலறையில் தேநீர் போடும்போது என் யோசனை கியூக்களில் இல்லை, அந்த விளக்கில்தான் இருந்தது. 'வா' என்று கூப்பிட்டு அவள் வரப்போவதில்லை. நாளையும் மறுநாளும் அவள் அந்த ஏரியைக் கடக்கத்தான் போகிறாள். அப்படியென்றால் முதலில் செய்ய வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"லைட்டை நான் பாக்கிறன்" என்றேன்.

"நீர் இஞ்ச இருந்துகொண்டு என்னத்தைப் பாக்கிறது?"

"பாப்பம்."

என் வேலை கிழக்கு லண்டனில் ஒரு பஸ் டிப்போவில். பஸ்களின் மின்வேலை எல்லாம் பார்ப்பேன். முதலில் அங்கே பஸ் கழுவத்தான் போனேன். ஆரணி சின்னவளாக இருந்தபோது மாலைக் கல்லூரியில் படித்து, சோதனை பாஸாகி, அங்கேயே மின்வேலைப் பகுதிக்கு மாறினேன். பஸ்ஸில் எரியாத விளக்கை எரியவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் பிள்ளையின் விளக்கு எரியாமல் இருக்க நான் எப்படிச் சும்மா இருப்பது?

3

மறுநாள் வீடியோவில் கூப்பிட்டு நடந்ததை ஒழுங்காகச் சொல்லச் சொன்னேன். அந்த வண்டி அவளைவிட வயது கூடியது, அவளுக்கு வீட்டை விற்றவர்கள் விட்டுப்போனது. அதன் பழைய பல்பு மஞ்சளாக மங்கி எரிந்தது. அவள் இணையத்தில் மலிவாக ஓர் எல்இடி பல்பு வாங்கித் தானே மாட்டியிருக்கிறாள். அது செத்த பிறகு மஞ்சள் பல்பையே திரும்பவும் போட்டிருந்தாள்.

"எல்இடி முதல் எப்பிடி எரிஞ்சது?"

"வெள்ளையா, நல்ல பிரகாசமா. ஆனா நிக்கேக்க..." என்று தமிழ்ச் சொல்லைத் தேடினாள். "நிக்கேக்க லைட் எனக்குக் கண்ணடிக்கும்."

வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்ன பிழை சொன்னோம் என்று விளங்காமல் பார்த்தாள். பொடியன்கள்தான் கண்ணடிப்பார்கள், லைட் மினுங்கும் என்று திருத்தினேன். ஆனால் சிரித்து முடிப்பதற்குள்ளேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

அது பற்றறி இல்லாத வண்டி. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது. அதன் விளக்குக்கு மின்சாரம் இன்ஜினோடு சுழலும் காந்தத்திலிருந்து நேரே வருகிறது. பஸ்ஸில் இருப்பதுபோல ஒரே திசையில் ஓடும் மின்சாரம் இல்லை அது, அலைபோல முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுவது. பழைய பல்புக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. அதற்குள் இருக்கும் கம்பி எந்தத் திசையில் ஓடினாலும் சூடாகி ஒளிரும். எல்இடி அப்படி இல்லை. ஒரு திசை மின்சாரத்தைத்தான் ஏற்கும். மற்றத் திசையில் அணைந்துவிடும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது இந்த எரிதலும் அணைதலும் கண்ணுக்குத் தெரியும். அதுதான் கண்ணடிப்பு.

இதை நான் கல்லூரியில் படித்து அறியவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் இருந்த வருடங்களை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்கள்தானே நாங்கள். நானும் என்னோடு படித்த ஜெயந்தியும் முறைவைத்துச் சுற்றுவோம். நேரே இணைத்தால் ரேடியோவில் செய்தியைவிட இரைச்சல்தான் கூடக் கேட்கும். பழுதான ஒரு ரேடியோவைப் பிரித்து மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் டயோடு நாலு எடுத்து, ஜெயந்தியின் பௌதிகப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துச் சேர்த்தோம். கூடவே அலையைச் சமப்படுத்த ஒரு கெப்பாசிட்டர். இரைச்சல் அடங்கியது. செய்தி தெளிவாகக் கேட்டது. கேட்ட செய்திதான் நல்லதாக இருக்கவில்லை.

இதை ஆரணிக்குச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏன் சைக்கிளைத் தலைகீழா வைச்சனீங்கள்?" என்பது. நேராக வைத்தால் சைக்கிள் ஓடிவிடுமே என்றேன். அடுத்த கேள்வி, "இரவில வெளிச்சத்துக்கு என்ன செய்தனீங்கள்?" அதற்கு அடுத்தது, "நீங்கள் பயப்பிடேல்லையோ?" கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. லண்டனில் எங்களோடு இருந்த காலத்தில் எங்கள் ஊரைப்பற்றி அவள் ஒன்றும் கேட்டதில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளை அனுப்ப நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். ஒரு பழுதான விளக்கு அந்த வேலையைச் செய்தது.

4

மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கச் சொன்னேன். அந்தக் கிராமத்தில் மீன்பிடிச் சாமானும் நாய்ச் சாப்பாடும் விற்கும் கடையிலேயே அதுவும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் போனைத் தகரப் பேணி ஒன்றில் சாய்த்து வைத்துவிட்டு, தொப்பியும் தடித்த உடுப்புமாக வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். நான் சமையலறை மேசையில்.

"அலை மாதிரி ஒரு கோடு போட்டிருக்குதெல்லே, அதில திருப்பு. நேர்க்கோட்டில இல்லை."

"சரி. ஸ்டார்ட் பண்ணவோ?"

கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுவையில் இன்ஜின் பிடித்தது. மெதுவாக ஓடும்போது மீட்டர் பன்னிரண்டுக்குக் கிட்டக் காட்டியது. கொஞ்சம் முறுக்கச் சொன்னேன், பதினாலரை. இன்னும் முறுக்கச் சொன்னேன், பதினேழைத் தாண்டியது.

"நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கத்திவிட்டேன். வீட்டில் என் கணவர் மேல்மாடியிலிருந்து ஓடிவந்தார்.

வேகம் கூடும்போது மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தவென்று வண்டியில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. ரெகுலேட்டர் என்பார்கள். தேவைக்கு மேலே வருவதை வாங்கித் தன்னுடம்பில் சூடாக்கிக் கழிப்பதுதான் அதன் தொழில். அது கிழண்டிப்போயிருந்தது. பழைய பல்பு பெருந்தீனிக்காரன், வருவதில் பெரும்பகுதியைத் தானே தின்றுவிடும். எல்இடி அதில் மூன்றிலொரு பங்குகூட எடுக்காது. மிச்சம் முழுவதும் கிழட்டு ரெகுலேட்டரின் தலையில் விழும். அதுவும் போக, அலை மின்சாரத்தில் மீட்டர் காட்டும் எண் அலையின் உச்சி இல்லை. உச்சி அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பதினாறு வோல்டுக்கு மேல் தாங்காத மலிவு பல்பு ஏரியின் நடுவில் செத்ததில் ஆச்சரியமே இல்லை.

வண்டியில் காந்தத்தோடு சேர்ந்து மின்சாரம் தரும் மின்சுருளின் ஒரு முனை உடம்பு இரும்போடு இணைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். இணைந்திருந்தது. இது முக்கியம். பஸ்ஸில் விளக்கின் மறைவயரை, அதாவது நெகட்டிவ் வயரை, உடம்பில் முறுக்கிவிடுவோம், பழக்கதோஷம். இங்கே அப்படிச் செய்தால் நாலு டயோடில் ஒன்று குறுக்கிணைப்பாகி எரிந்துபோகும். விளக்குக்குப் போகும் இரண்டு வயரும் இரும்பில் படாமல் தனியாக ஓட வேண்டும்.

இதையெல்லாம் நான் தாளில் கீறிக் காட்டிக்கொண்டிருக்க, ஆரணி விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டு பார்த்திருந்தாள்.

"அம்மா, உங்களுக்கு இது பிடிக்குது, என்ன?" என்றாள்.

ஓம், பிடித்திருந்தது. அவள் போன பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் அவ்வளவு நேரம் ஒரு கதை ஓடியதே இல்லை.

5

பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே கட்டினேன். நாலு டயோடும் ஒன்றாகச் சேர்ந்த தடித்த ரெக்டிபயர். கடுங்குளிரிலும் வேலைசெய்யும் கெப்பாசிட்டர்கள். சாதாரணமானவை அந்தக் குளிரில் பாதிச் சக்தியை இழந்துவிடும். சாதாரண வயரின் உறையும் அங்கே கண்ணாடிபோல வெடிக்கும், அதனால் சிலிக்கோன் உறை போட்டது. விளக்கு, டிப்போவுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் வாங்கியது. பன்னிரண்டு வோல்டிலும் எரியும், இருபத்துநாலு வோல்ட் பஸ்ஸிலும் எரியும், முப்பதுவரை தாங்கும். புது ரெகுலேட்டரை ஆரணி அங்கேயே வாங்கினாள்.

பார்சல் அனுப்பினேன். கொஞ்ச நாளில் அதே பார்சல் இல்ஃபோர்ட் வாசலுக்கே திரும்பி வந்தது. உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில் நான் "மகளுக்கு விளக்கு" என்று எழுதியிருந்தேன். சுங்கத்துக்கு அது போதாதாம். பொருளுக்கான குறியீட்டு எண் வேண்டும், பெறுமதி வேண்டும், எங்கே செய்யப்பட்டது என்று வேண்டும். எங்கே செய்யப்பட்டது? எங்கள் சாப்பாட்டு மேசையில்.

"சரி. நானே கொண்டு போறன்" என்றேன்.

கணவர் பார்சலைத் தூக்கி மேசையில் வைத்தார். பிறகு, "போறது போறீர். வரேக்க அவளையும் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

விமான நிலையத்தில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. கறுத்தப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் வயர்கள். இளம் அதிகாரி ஒருவர் என்னை ஒரு பக்கம் கூட்டிப்போய் அது என்ன என்று மரியாதையாகத்தான் கேட்டார். முன்பென்றால் எனக்கு நாக்கு ஒட்டியிருக்கும். மூடியின் நாலு திருகாணிகளையும் கழற்றித் திறந்து காட்டி, இது இதற்கு, அது அதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெடிமருந்து உண்டா என்று துணியால் துடைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மேலதிகாரி ஒருவரும் வந்து பார்த்தார்.

"இதை வாங்கினீர்களா?" என்று இளையவர் கேட்டார்.

"கட்டினேன்."

பெட்டியைத் திருப்பித் தரும்போது, "உங்கள் மகளை அங்கே குளிராமல் இருக்கச் சொல்லுங்கள்" என்றார். அது என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் விமானம் ஏறினேன்.

6

ஆரணி என்னைக் கட்டிப்பிடித்தபோது அவள் மேல் பெட்ரோல் மணமும் சோப்பு மணமும் சேர்ந்து அடித்தன. நான் மிளகாய்த்தூள் கொண்டுபோயிருந்தேன். அவள் முதலில் கேட்டது பெட்டியை.

கொட்டகையில் இருவருமாக வேலை செய்தோம். அவள் பிடிக்க நான் முறுக்கினேன், பிறகு நான் பிடிக்க அவள் முறுக்கினாள். பழைய விளக்கைக் கூட்டோடு கழற்றி அலமாரியில் வைத்தேன். புதியதை ரப்பர் வளையங்கள் வைத்து, இரும்பில் படாதபடி பூட்டினேன். ரெகுலேட்டரைக் காற்றுப்படும் இடத்தில் தடித்த அலுமினியத் தகட்டோடு இறுக்கினேன், சூடு கழிய வேண்டுமே.

முறுக்கிக்கொண்டிருக்கும்போது நிமிராமலேயே கேட்டாள். "அப்பா உங்களை என்னைக் கூட்டிக்கொண்டு வரவோ அனுப்பினவர்?"

"ஓம்."

"நீங்கள்?"

"நான் லைட் பூட்ட வந்தனான்."

அவள் கடைசித் திருகாணியையும் இறுக்கிவிட்டு எழுந்தாள். கயிற்றை இழுத்தாள். கொட்டகையின் வாசலிலிருந்து ஏரிக்கரை வரை வெள்ளையாக விரிந்தது வெளிச்சம். மெதுவாக ஓடும்போதும் ஆடவில்லை, முறுக்கும்போதும் ஆடவில்லை. ஆரணி கைப்பிடிகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது முந்தி நிக்கேக்க சூடாகாதே!" என்றாள். அந்த வண்டியில் கைப்பிடிகளுக்குள்ளும் சூடேற்றும் கம்பி இருக்கிறது. விளக்குத் தின்னாமல் விட்டது கைக்குப் போகிறது என்று சொன்னேன். டிப்போவில் எத்தனையோ விளக்குகள் பூட்டியிருக்கிறேன், அந்த அளவு பெருமை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

7

இரண்டு நாள் கழித்து, வீதியைப் பனி மூடிவிட்டது. பனி அகற்றும் வண்டி பின்னேரத்துக்குப் பிறகுதான் வருமாம். ஏரிக்கு அக்கரையில் தனியாக இருக்கும் இங்ரிட் என்ற முதிய பெண்ணுக்கு ஆரணிதான் போய் இன்சுலின் போடுவாள். அவவுக்குக் கண் தெரியாது, தானாக ஊசி போட ஏலாது.

"நானும் வாறன்" என்றேன்.

"அம்மா, குளிர்."

"என்ர லைட். நான் வாறன்."

புறப்படும்போது வானம் தெளிவாக இருந்தது. மத்தியானம் கழிந்த கொஞ்ச நேரம்தான், ஆனாலும் வெளிச்சம் நீலமாகி மங்கிக்கொண்டிருந்தது. கம்புகள் ஒவ்வொன்றாக எங்கள் விளக்கில் தெரிந்து பின்னால் போயின. நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதித் தூரம் போயிருப்போம். பனி கொட்டத் தொடங்கியது.

முதலில் வெளிச்சம் வெள்ளைச் சுவர்போல எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. பிறகு மங்கியது. பிறகு இல்லாமலே போனது. ஆரணி வண்டியை நிறுத்தினாள்.

வயர் விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் கண்ணாடி முழுவதும் பனி அப்பி இறுகியிருந்தது. கையுறையைக் கழற்றி விரலை வைத்தேன். ஐஸ். எரிகிற விளக்கு, ஆனால் துளிச் சூடு இல்லை. பழைய பல்பு சூட்டில் வீணாக்குகிறது என்று குறை சொன்னேனே, அந்த வீண் சூடுதான் இத்தனை வருடம் கண்ணாடியில் பனி பிடிக்காமல் காத்திருக்கிறது. மின்சாரம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தேன். பனியைக் கணக்குப் பார்க்கவில்லை. லண்டன் பஸ்ஸுக்கு அது தேவைப்பட்டதில்லை.

"அம்மா, திரும்புவமோ?"

"ஊசிக்கு நேரமாகுதெல்லே?"

"ஓம்."

"அப்ப போவம். நான் துடைக்கிறன்."

அப்படித்தான் போனோம். கொஞ்சத் தூரம் ஓடுவாள், கம்பு தெரியாமல் போனதும் நிறுத்துவாள், நான் இறங்கிச் சுரண்டித் துடைப்பேன், ஏறுவேன். ஒரு கட்டத்தில் அடுத்த கம்பே தெரியவில்லை. நான் வண்டிக்கு முன்னால் நடந்து போய்க் கையால் தடவித் தேடினேன். கம்பு கையில் பட்டதும் "இஞ்ச! இஞ்ச!" என்று கத்தினேன். ஐம்பது வயது தாண்டியவள், இறுகிய ஏரியின் மேல் நின்று கத்தினேன். பின்னால் வண்டி மெல்ல ஊர்ந்து வந்தது.

இங்ரிட்டின் கதவு திறந்தபோது என் கண்ணிமை மயிரில் பனி கட்டியிருந்தது. ஆரணி கை கழுவி, இரத்தத்தில் சீனி பார்த்து, ஊசி போட்டாள். அவளுடைய குரல் அங்கே வேறாக இருந்தது. அந்த ஊர் மொழியில் தடுமாறாமல், அவசரப்படாமல், இங்ரிட்டின் தோளில் கைவைத்து ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தாள். எங்கள் வீட்டில் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு மேலே ஓடிய பிள்ளைதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இங்ரிட் என் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ கேட்டா.

"என்னவாம்?"

"இவ்வளவு பனிக்க ஆர் வந்திருக்கினம் எண்டு கேக்கிறா. என்ர அம்மா எண்டு சொன்னன்."

இங்ரிட் என் குளிர்ந்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டா. விடவே இல்லை. கோப்பி ஆறும்வரை அப்படியே இருந்தோம். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை, ஆனால் ஒரு குறையும் தெரியவில்லை.

8

மறுநாள் காலை பழைய விளக்கைத் தூசி தட்டி, புதியதற்குக் கீழே திரும்பவும் பூட்டினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாற்றுச் சுவிட்ச். தெளிந்த வானத்துக்கு மேலே உள்ள வெள்ளை. பனி கொட்டினால் கீழே உள்ள மஞ்சள். மஞ்சள் வெளிச்சம் கொட்டும் பனியில் அவ்வளவு திருப்பி அடிக்காது, கண்ணாடியும் சூடாக இருக்கும். பழைய பல்புக்கு ரெக்டிபயர் தேவையில்லை, நேரே கொடுத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் எரியாது என்பதால் காந்தச் சுருளுக்கும் பாரமில்லை. ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. நல்லது.

அன்று பின்னேரமும் பனி கொட்டியது. இந்த முறை என்னை வரவேண்டாம் என்றாள், நானும் அடம்பிடிக்கவில்லை. யன்னலடியில் நின்றேன். மஞ்சள் வெளிச்சம் கரையிலிருந்து இறங்கி ஏரிக்குள் போனது. நிற்கவில்லை. ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பனிக்குள் அது மறைந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "வந்திட்டன் அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

போனை வைத்த கையோடு அது திரும்பவும் அடித்தது. இல்ஃபோர்டிலிருந்து என் கணவர்.

"லைட் சரியோ?"

"சரி. வடிவா எரியுது."

"அவள் என்னவாம்? உம்மோட வாறாளோ?"

அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை.

"இல்லை. அவளுக்கு இஞ்ச வேலை இருக்கு. அவளை எதிர்பாத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் இருக்கினம்."

அவர் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் போனில் கேட்டது.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்றார்.

"லீவு எழுதிப்போட்டு நீங்கள் வாங்கோ. தடிச்ச காற்சட்டை ரெண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. பின்னால ஒராள் இருக்கலாம், நானே உங்களை ஏரிக்கு மேலால ஏத்திக்கொண்டு போறன்."

"நீர் ஸ்கூட்டர் ஓடுவீரோ?"

"நாளைக்குப் பழகப் போறன்."